ஏழுக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையை மங்களாம்பிகை மேஜைமேல் போட்டாள். விழுந்த சத்தத்தில் மட்டும்தான் கனம் இருந்தது.

"படிச்சிட்டீங்களா மேடம்?" என்றான் ஷஹ்பாஸ்.

"நான் படிச்சேன். எழுதினவன்தான் படிக்கலை."

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மங்களாம்பிகையின் துப்பறியும் அலுவலகம். வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தொரு வருஷம் சென்னையில் பெரிய பெரிய கம்பெனிகளின் டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்த்தவள். இதே மாதிரி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை விட்டாள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கையெழுத்துப் போட்டவர்களைப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஷஹ்பாஸ் ராஜகிரிக்காரன், முப்பத்திரண்டு வயது, அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவான், ஆள் தேடுவான், வாயை மட்டும் மூடமாட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் தமிழ்நிலா. சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப ஒரு தடவை சொல்லும்மா. எனக்காக இல்ல, இவனுக்காக. நேத்து நீ பேசிட்டிருக்கும்போது டீ வாங்கப் போயிட்டான்."

தமிழ்நிலா சொன்னாள்.

"அப்பா பேரு காத்தான். திருக்காட்டுப்பள்ளி பக்கத்துல லஸ்கரா இருக்காரு. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுற வேலை. திறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அவருக்குக் கொடுத்த போன்ல ஒரு பட்டனை அமுக்கணும். அந்த வாய்க்கால் ஓரத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் 'தண்ணி வருது, உள்ள இறங்காதீங்க'ன்னு மெசேஜ் போகும். போன மாசம் இருபத்தாறாம் தேதி காலையில அப்பா அமுக்கினாரு. பத்தே முக்காலுக்குத் திறந்தாரு. ஆனா ஊர்ல ஒருத்தருக்கும் மெசேஜ் வரலை. நாலு பேரு தலையில நாத்துக்கட்டோட காஞ்ச வாய்க்காலுக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் நடவுக்குப் போயிட்டிருந்தாங்க. மூணு பேரு கரையேறிட்டாங்க. கடைசியா வந்தது கண்ணாத்தா அத்தை."

"அத்தைன்னா?"

"அப்பா கூடப் பிறந்த அக்கா." அவள் குரல் இறங்கியது. "இழுத்துட்டுப் போயி பாலத்துச் சுவர்ல தலை மோதிருச்சு. ஒரு வாரமா நினைவில்லாம கெடக்குறாங்க. அத்தை மகன் அண்ணாதுரை அப்பாவை ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே விடலை. 'எங்க அம்மாவைக் கொல்லப் பார்த்துட்டு என்ன மாமா இங்க வேலை'ன்னு கேட்டான். அப்பா மேல போலீஸ் கேஸ். சஸ்பெண்ட் வேற. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு விசாரணை."

அந்த மெசேஜ் வசதியை நடத்துவது ஜலநேத்ரா சிஸ்டம்ஸ் என்ற தனியார் கம்பெனி. அன்றைக்கு 07-ஆம் எண் வாய்க்காலுக்கு ஒரு செய்திகூடப் போகவில்லை என்று பதிவேட்டைக் காட்டுகிறது. காத்தான் பட்டனை அமுக்கவே இல்லையாம். ஜூன் இருபதாம் தேதி டேட்டாபேஸில் சில மாற்றங்கள் செய்தார்களாம். ஆனால் அதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் சோதித்து, என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிட்டு அறிக்கை போட்டுவிட்டார்களாம். அந்த அறிக்கைதான் மேஜைமேல் கிடந்தது.

ஷஹ்பாஸ் அதைப் புரட்டினான். "மேடம், இதுல பாதி கம்பெனி லோகோ. மீதிப் பாதி பொருளடக்கம்."

"டேட்டாபேஸ்ல ஒண்ணை மாத்தப் போறோம்னா கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். இதை நம்பி இன்னும் யார் யார் இருக்காங்க? இந்த நூத்திப் பன்னெண்டு பக்கத்துல அந்தக் கேள்வியைக் காணோம். பதில் மட்டும் அறுபத்தொரு தடவை இருக்கு. 'பாதிப்பு இல்லை'."

"அறுபத்தொரு தடவை இல்லைன்னு சொல்றவன் வீட்டுல கண்டிப்பா ஏதோ இருக்கு."

"வண்டியை எடு," என்றாள் மங்களாம்பிகை.

*

மதகடியில் காத்தான் நின்றுகொண்டிருந்தார். வேலை இல்லாவிட்டாலும் கால்கள் பழக்கத்துக்கு இங்கேதான் வருகின்றன போலும். அவருக்குப் பதிலாகப் போடப்பட்டிருந்த லஸ்கர் பஞ்சநதம் சற்றுத் தள்ளி மதகின் திருகுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவுக்கு, சத்தமில்லாமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தலையில் சுமையோடு நிற்கும் ஒருவரைச் சாய்க்க அது போதும்.

"அன்னிக்கு நடந்ததை உங்க வாயால சொல்லுங்க," என்றாள் மங்களாம்பிகை.

"பத்து பன்னெண்டுக்கு அமுக்கினேங்கம்மா. 'சென்றது'ன்னு பச்சையா டிக் விழுந்துச்சு. அடுத்த நிமிஷமே இன்னொரு தடவை அமுக்கினேன். அதுக்கும் டிக் விழுந்துச்சு."

"எதுக்கு ரெண்டு தடவை?"

காத்தான் தண்ணீரைப் பார்த்தார். "அன்னிக்கு அந்தாண்ட நடவு. எங்க அக்கா அந்த வழியாத்தான் வரும்னு எனக்குத் தெரியுங்கம்மா. அதான் ரெண்டு தடவை."

ஷஹ்பாஸ் வாய்க்காலின் அந்தக் கரையைப் பார்த்தான்.

"அமுக்கும்போது போன்ல வாய்க்கால் நம்பர் எப்படித் தெரிஞ்சுது?"

"ஏழுன்னு."

"ஜீரோ ஏழா, வெறும் ஏழா?"

"வெறும் ஏழுதான். முன்னாடியெல்லாம் ஏழுக்கு முன்னால ஒரு முட்டை இருக்கும். அந்த வாரந்தான் அதைக் காணோம். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'முட்டைக்கு என்ன மதிப்பு பெரியவரே, பேசாம அமுக்குங்க'ன்னு சிரிச்சாங்க."

மங்களாம்பிகை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஏதோ அகப்பட்டால் அவள் செய்வது அது.

"அந்தப் போன் இப்ப எங்க?"

"இவர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்."

பஞ்சநதம் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். திரையில் மூன்றே வரி. 07, 08, 09.

"மேடம், முட்டை பத்திரமா இருக்கே," என்றான் ஷஹ்பாஸ்.

காத்தானின் முகம் விழுந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்கம்மா அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தமிழ்நிலா அப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு கணம் சந்தேகம் வந்து போனது. அதை அவரும் பார்த்துவிட்டார்.

"போன வாரம் இல்லாத முட்டை இந்த வாரம் இருக்குன்னா, யாரோ ராத்திரியோட ராத்திரியா கொண்டுவந்து வெச்சிருக்காங்க," என்றாள் மங்களாம்பிகை. பிறகு பஞ்சநதத்திடம் திரும்பினாள். "இந்த மூணைத் தவிர வேற வாய்க்கால் எதுவும் இந்தப் போன்ல வராதா?"

"வராதுங்க. அவங்கவங்க வாய்க்கால் மட்டுந்தான் தெரியும்."

"நீங்க இங்க எப்ப வந்தீங்க?"

"இருபத்தெட்டாம் தேதிங்க. அதுவரைக்கும் நாகப்பட்டினம் பக்கம் இருந்தேன்."

மங்களாம்பிகை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

"எங்க மேடம்?"

"திருப்பனந்தாள்."

"அது கும்பகோணத்துக்கும் அந்தாண்ட இருக்கு. நம்ம வண்டிக்கு அவ்வளவு தூரம் போற ஆசையே கிடையாது."

*

வழியில் அவள் விளக்கினாள்.

"மேற்குப் பிரிவுல வாய்க்கால் நம்பருக்கு முன்னாடி பூஜ்யம் போட்டு எழுதுவாங்க. 07. கிழக்குப் பிரிவுல போட மாட்டாங்க. வெறும் 7. ரெண்டும் வேற வேற வாய்க்கால். அறிக்கையோட நாப்பத்தி நாலாம் பக்கத்துல பட்டியல் இருக்கு. கிழக்கு ஏழு திருப்பனந்தாள் பக்கம் ஓடுது."

"சரி."

"வாய்க்கால் பட்டியல்ல அந்த நம்பர் இதுவரைக்கும் எழுத்தா இருந்துச்சு. ஜூன் இருபதாம் தேதி அதை எண்ணா மாத்தியிருக்காங்க. கொஞ்சம் வேகமா ஓடுமாம். எண்ணா மாத்தினா முன்னாடி இருக்கிற பூஜ்யம் விழுந்துடும். 07 வெறும் 7 ஆயிடும்."

"ஸ்கூல்ல எனக்குப் போட்ட முட்டையெல்லாம் இப்படி உதிர்ந்திருந்தா நான் இந்நேரம் கலெக்டர்."

"கேளு. ஊர்க்காரங்க போன் நம்பர் இருக்கிறது இன்னொரு பட்டியல். அதை மாத்த மறந்துட்டாங்க. அதுல திருக்காட்டுப்பள்ளிக்காரங்க எல்லாரும் இன்னும் 07-லதான் இருக்காங்க. காத்தான் பட்டனை அமுக்கினதும் டேட்டாபேஸ் '7-ல யார் இருக்காங்க?'ன்னு தேடும். 07-ல இருக்கிறவங்க அதன் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

ஷஹ்பாஸ் ஸ்டியரிங்கைத் தட்டினான். "திருப்பனந்தாள்காரங்க தெரிவாங்க!"

"இது என் ஊகம். விசாரணையில ஊகத்தை வெச்சு விசிறிக்கத்தான் முடியும். அந்த மெசேஜ் வந்து இறங்கின ஒரு போனாவது வேணும்."

திருப்பனந்தாளைத் தாண்டி வாய்க்கால் கரையோரமாக விசாரித்துக்கொண்டே போனார்கள். முதல் ஆள், வருகிற மெசேஜை எல்லாம் அன்றன்றே அழித்துவிடுவேன் என்றார். இரண்டாவது ஆளின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. மூன்றாவதாகக் கிடைத்தவள் ராஜாத்தி. குத்தகைக்கு மூன்று ஏக்கர் பயிர் செய்பவள். வரப்பில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தவள், கேள்வியைக் கேட்டதும் திட்டை அப்படியே இவர்கள் பக்கம் திருப்பினாள்.

"அந்த மெசேஜா? நீங்கதான் அனுப்பினதா? வாங்க, நல்லா வந்தீங்க! வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல, மூணு நாளைக்கு எங்களுக்குத் தண்ணி விடுற முறையும் இல்ல. 'தண்ணி வருது'ன்னு போன் அலறுது. உள்ளே எறக்கி வெச்சிருந்த ஆயில் இன்ஜினை நாலு ஆளை விட்டுக் கரையேத்தினேன். ஒருத்தன் காலை நசுக்கிக்கிட்டான். சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன், ஒரு தவளைகூட நீந்தலை!"

"நாங்க அனுப்பலைக்கா. அனுப்பினவனைத் தேடுறோம். மெசேஜ் இருக்கா?"

"யார் மூஞ்சியிலயாவது காட்டணும்னுதான் வெச்சிருக்கேன்."

ஜூன் இருபத்தாறு. காலை 10.12-க்கு ஒன்று. 10.13-க்கு அதே செய்தி இன்னொன்று.

"ரெண்டு தடவை," என்று மெதுவாகச் சொன்னான் ஷஹ்பாஸ்.

"ரெண்டு தடவைதான். அதனாலதான் நம்பினேன். உடனே அந்தக் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். என்னமோ பதில் அனுப்பினானுங்க, கீழே இருக்கு பாருங்க."

மங்களாம்பிகை திரையை மேலே தள்ளினாள். இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. படித்தாள். போனை ஷஹ்பாஸிடம் கொடுத்தாள். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்த அவன், படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"நாளைக்கு தஞ்சாவூருக்கு இந்தப் போனோட வர முடியுமா?" என்று கேட்டாள் மங்களாம்பிகை.

"நல்லா இருக்கே! நாளைக்கு எனக்கு நடவு. ஆள் சொல்லியிருக்கேன்."

அவளிடம் கண்ணாத்தாளைப் பற்றிச் சொன்னாள் மங்களாம்பிகை. நாற்றுக்கட்டு, கடைசியாக வந்தது, பாலத்துச் சுவர், எல்லாம்.

ராஜாத்தி தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதை ஏதோ திருட்டுப் பொருளைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.

"அப்ப இது... அந்த அம்மாவுக்கு வந்திருக்க வேண்டியதா?"

மங்களாம்பிகை தலையை அசைத்தாள்.

"நான் வரேன். நடவு ஒரு நாள் தள்ளிப் போனா ஒண்ணும் முழுகிடாது," என்று சொன்னவள், சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

*

விசாரணை அதிகாரி ஃபஹ்மிதா குறைவாகப் பேசுகிறவர். மேஜையின் ஒரு பக்கம் காத்தான், தமிழ்நிலா, மங்களாம்பிகை, ஷஹ்பாஸ். ராஜாத்தி பின்வரிசையில். பஞ்சநதமும் அழைக்கப்பட்டிருந்தார். மறுபக்கம் ஜலநேத்ராவின் நிர்வாகி ராம்கி. கசங்காத சட்டை. கசங்காத புன்னகை. அவன் லேப்டாப்பைத் திறந்த விதத்தைப் பார்த்தால், உலகத்தில் மற்ற எவனுக்கும் லேப்டாப் திறக்கத் தெரியாது என்று தோன்றும்.

"மேடம், பேச்சு எதுக்கு? லைவா காட்டிடறேன். 07-க்கு இப்ப ஒரு மெசேஜ் அனுப்பறேன்."

அனுப்பினான். தமிழ்நிலாவின் போன் கூவியது. அவளும் அந்த ஊர்க்காரிதானே. திருக்காட்டுப்பள்ளிக்கு வர வேண்டிய செய்தி அப்படியே வந்திருந்தது. பின்வரிசையில் ராஜாத்தியின் போன் ஊமையாக இருந்தது.

"நாலு செகண்ட்," என்றான் ராம்கி. "சிஸ்டம்ல குறையே இல்ல. இருபத்தாறாம் தேதி இவர் அமுக்கலை. அவ்வளவுதான் விஷயம்."

காத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஃபஹ்மிதா மங்களாம்பிகையைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"இன்னிக்கு வேலை செய்யுதுன்னு நானும் ஒத்துக்கறேன். மூழ்கினது இன்னிக்கு இல்லையே."

ராஜாத்தியின் போன் மேஜைக்கு வந்தது. 10.12. 10.13. இரண்டு தடவை அமுக்கினேன் என்று காத்தான் விபத்து நடந்த அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தை அதன் பக்கத்தில் வைத்தாள் தமிழ்நிலா. வெறும் ஏழு எப்படி வந்தது, இரண்டு பட்டியலில் ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை மங்களாம்பிகை ஐந்தே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

ராம்கி தயங்கியது ஒரே விநாடிதான். "ஓ, அப்படியா? அப்ப இவர் தப்பான வாய்க்காலை அமுக்கியிருக்கார். 07-க்குப் பதிலா திருப்பனந்தாள் 7. ஹியூமன் எரர், மேடம். பாவம், வயசாயிடுச்சு."

"சித்த முன்னாடி வரைக்கும் அமுக்கவே இல்லைன்னீங்க. இப்பத் தப்பா அமுக்கினாருங்கறீங்க. இந்த வேகத்துல போனா மத்தியானத்துக்குள்ள சரியாவே அமுக்கிடுவாரு போலிருக்கே."

ஷஹ்பாஸ் இருமுவது போலச் சிரித்தான்.

"பஞ்சநதம், அந்தப் போனை அதிகாரிகிட்ட காட்டுங்க. அதுல திருப்பனந்தாள் வாய்க்கால் இருக்கா?"

"இல்லீங்க. இந்தப் போன்ல மூணுதான் வரும். ஏழு, எட்டு, ஒம்பது. எல்லாம் எங்க பக்கத்து வாய்க்கால்."

"திரையில இல்லாத ஒண்ணை எந்த விரலால அமுக்க முடியும், ராம்கி?"

ராம்கி அறிக்கையைத் தூக்கிக் காட்டினான். "மேடம், உங்க காலத்து டேட்டாபேஸ் வேற. நாங்க முறைப்படி பண்ணியிருக்கோம். மாத்தறதுக்கு முந்தின நாளே, ஜூன் பத்தொன்பதாம் தேதி, மாற்றத்தை ஒரு மாதிரி சிஸ்டம்ல ஓட்டி, ஒவ்வொரு வாய்க்காலா சோதிச்சிருக்கோம். எம்பத்தேழாம் பக்கம் பாருங்க. வாய்க்கால் 07, லஸ்கரோட போன்ல இருந்து அனுப்பி, கிடைச்சதை உறுதி பண்ணி, எழுதியிருக்கோம்."

"வாசிங்க," என்றாள் மங்களாம்பிகை.

"எதை?"

"எம்பத்தேழாம் பக்கத்தை. உங்க அறிக்கைதானே? ஒரு தடவையாவது படிச்சுப் பாருங்க."

ராம்கி எரிச்சலோடு வாசித்தான். "சோதனை தேதி: ஜூன் 19. வாய்க்கால்: 07. செய்தி அனுப்பிய லஸ்கர்: மா. பஞ்சநதம். முடிவு: பாதிப்பு இல்லை."

அவனுக்கு இன்னும் புரியவில்லை.

"பஞ்சநதம்," என்றாள் மங்களாம்பிகை, "ஜூன் பத்தொன்பதாம் தேதி எங்க இருந்தீங்க?"

"நாகப்பட்டினம் பக்கங்க."

"இவங்க உங்களை வெச்சு 07-ஆம் வாய்க்காலைச் சோதிச்சாங்களாமே?"

பஞ்சநதம் திருதிருவென்று விழித்தார். "அப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறதே எனக்கு இருபத்தெட்டாம் தேதி ஆர்டர் கையில கெடைச்சப்புறந்தாங்க தெரியும்."

ஃபஹ்மிதா கையை நீட்டி அறிக்கையை வாங்கிக்கொண்டார்.

"நடந்தது இதுதான்," என்றாள் மங்களாம்பிகை. "எந்தச் சோதனையும் இல்லாம இருபதாம் தேதி மாத்தினாங்க. இருபத்தாறாம் தேதி விபத்து. அப்புறம்தான் பூஜ்யம் போனதைக் கண்டுபிடிச்சாங்க. சத்தமில்லாம அதைத் திரும்ப வெச்சாங்க. பழைய தேதி போட்டு இந்த அறிக்கையைத் தயார் பண்ணினாங்க. லஸ்கர் பேரெல்லாம் கையால எழுத யாருக்குப் பொறுமை? டேட்டாபேஸ்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டினாங்க. அது என்னைக்குக் கேட்டாலும் அன்னிக்கு உள்ளதைத்தான் கொடுக்கும். காத்தானைத் தூக்கிட்டு பஞ்சநதத்தைப் போட்டாச்சு, அதனால பஞ்சநதம்னு கொடுத்துச்சு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது ராம்கி. உங்க ஆபீஸ்லயே அது ஒண்ணுதான் அப்படி."

ராம்கியின் சட்டை இப்போது கசங்கியிருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"ஓகே. அறிக்கை கொஞ்சம் லேட். டாக்குமெண்டேஷன்ல தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மேடம், வேணும்னு யாரும் செய்யலை. மெசேஜ் இடம் மாறிப் போச்சுன்னு எங்களுக்கு அப்ப எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்போம்."

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

"நிச்சயமா."

"எழுதிக்குங்க மேடம்," என்று ஃபஹ்மிதாவிடம் சொன்னாள் மங்களாம்பிகை. பிறகு ராஜாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அந்த ரெண்டு மெசேஜுக்கும் கீழே இருக்கிறதை நீங்களே வாசிங்க."

ராஜாத்தி எழுந்தாள். நேற்று வரப்பில் இருந்த குரல் இன்று அவளுக்கு வரவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பத்து இருபத்தொண்ணு. 'எங்கள் வாய்க்காலுக்குத் தவறான செய்தி வந்துள்ளது என்ற உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.' பத்து இருபத்தி நாலு. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அது சோதனைச் செய்தி. பொருட்படுத்த வேண்டாம். ஜலநேத்ரா.'"

"மதகு திறந்தது பத்தே முக்காலுக்கு," என்றாள் மங்களாம்பிகை. "உங்க சிஸ்டம் தப்பான ஊருக்குப் பேசிட்டிருக்குன்னு இந்த அம்மா போன் பண்ணிக் கத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் முழுசா இருபது நிமிஷம் இருந்துச்சு. அந்த மெசேஜை யார் அனுப்பினதுன்னு பார்த்தா காத்தான்னு வந்திருக்கும். அவருக்கு ஒரு போன். 'திறக்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பதிலா மூணே நிமிஷத்துல ஒரு பொய்யை அனுப்பிட்டுப் புகாரை மூடினீங்க. சீக்கிரம் மூடினா நல்ல பேராமே உங்க ஆபீஸ்ல? நல்ல பேரு எடுத்துட்டீங்க."

காத்தான் நிமிர்ந்து ராம்கியைப் பார்த்தார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இருபது நிமிஷத்தை மனசுக்குள் நடந்து பார்க்கிறவரைப் போல இருந்தார்.

ராம்கி லேப்டாப்பை மூடினான். இந்தத் தடவை அதை எல்லோரும் மூடுவது போலத்தான் மூடினான்.

"அதைத் திறந்தே வையுங்க," என்றார் ஃபஹ்மிதா. "அது இங்கேயே இருக்கட்டும். உங்க சர்வருக்கும் இப்பவே ஆள் அனுப்பறேன். போலீஸ் வந்து நகல் எடுக்குற வரைக்கும் உங்க ஆளுங்க யாரும் அதைத் தொடக் கூடாது." காத்தானிடம் திரும்பினார். "உங்க சஸ்பென்ஷனை ரத்து பண்ணச் சொல்லி இன்னிக்கே எழுதறேன் ஐயா. வீட்டுக்குப் போங்க."

"வீட்டுக்கு இல்லீங்கம்மா," என்றார் காத்தான். "ஆஸ்பத்திரிக்கு."

*

வார்டு வாசலில் அண்ணாதுரை நின்றுகொண்டிருந்தான். தமிழ்நிலா வழியிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். காத்தான் அருகே வந்ததும் அவன் என்னவோ சொல்லப் பார்த்தான். சுவரோடு ஒட்டி நின்று வழியை விட்டான்.

"காலையில கண் திறந்துட்டாங்க மாமா," என்றான் முதுகுக்குப் பின்னால். "உங்களைத்தான் கேட்டாங்க. நான்தான்... சொல்லலை."

கண்ணாத்தாள் தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தம்பி கட்டிலோரம் வந்து நின்றதும் கண்ணை மட்டும் திருப்பினார்.

"ஏண்டா, தண்ணி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்க்கா. ரெண்டு தடவை சொன்னேன். வேற ஊருக்குப் போயிடுச்சு."

கண்ணாத்தாளுக்கு அது புரிந்ததோ இல்லையோ. தம்பியின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உதடு வலிக்க வலிக்க, நன்றாகவே திட்டினார்.

"கரையில நின்னு கத்தியிருக்கலாம்ல? சின்ன வயசுல நீ கத்தினா மூணு ஊருக்குக் கேக்கும். போனை அமுக்குனானாம் போனை."

காத்தான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாத்தாள் கையை நீட்டினார். எட்டவில்லை. அண்ணாதுரை ஓடி வந்து அந்தக் கையை எடுத்து மாமாவின் கைமேல் வைத்தான்.

வாசலில் நின்ற ஷஹ்பாஸ் மூக்கை உறிஞ்சினான். "மேடம், அந்த அம்மா ஒரே வரியில அறிக்கையை முடிச்சிட்டாங்க."

"வா, போகலாம்," என்றாள் மங்களாம்பிகை. அவள் குரலில் வழக்கமான ஏளனத்தைக் காணோம்.

பத்து நாள் கழித்து அடுத்த முறைத் தண்ணீர் வந்தது. காத்தான் பட்டனை அமுக்கினார். 07 என்று சரியாகத்தான் இருந்தது. பச்சை டிக்கும் விழுந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மதகு திறக்க இருந்த அரை மணி நேரமும், "தண்ணி வருது, இறங்காதீங்க, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டே வாய்க்கால் கரை முழுக்கப் போனார்.